ஆர்வில சுத்திக்கிட்டே லேக் பக்கம் வீடு தேடறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கால ஆர்விய (உள்ளயே தங்கிச் சமைச்சுக்கற வண்டி) எடுத்துக்கிட்டு மாநிலம் மாநிலமா போய் லேக் ஓரமா வீடு தேடினோம், வாங்கியும் ஆச்சு. அதுக்கப்புறம் ஃபோன்லயும் விசேஷ வீட்லயும் பாக்கறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகத்தைத்தான் கேக்கறாங்க, அதனால மொத்தத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியேதான் போட்டிருக்கேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், நான் ஒரு மாநிலத்தை வெச்சு சொல்றதை அந்த மாநிலத்துக்கு மட்டும் எடுத்துக்கோங்க.

ஆர்வின்னா வேன் மாதிரியா? அதுல தங்கிக்கிட்டே வீடு தேடறது நடக்கற காரியமா?

வேன்லேர்ந்து பஸ் சைஸ் வரைக்கும் இருக்கு. படுக்கை, அடுப்பு, பாத்ரூம், தண்ணி டேங்க் எல்லாம் உள்ளயே வந்துடும். தானே ஓடறது மோட்டார்ஹோம், டிரக்குக்குப் பின்னாடி மாட்டி இழுக்கறது டிரெய்லர். வீடு தேடத்தான்னா எனக்கு டிரெய்லர்தான் பிடிக்கும், ஏன்னா கேம்ப்கிரவுண்ட்ல (ஆர்விய நிறுத்தித் தங்கற இடம்) அதைக் கழட்டி விட்டுட்டு டிரக்கை மட்டும் எடுத்துக்கிட்டு வீடு பாக்கப் போயிடலாம். மோட்டார்ஹோம்காரங்க பின்னாடி ஒரு சின்ன காரை இழுத்துட்டு வருவாங்க, அதுவும் சரிதான். எதுவா இருந்தாலும் லேக் ஓரத் தெருவுக்குள்ள பெரிய வண்டியோட நுழையாதீங்க, பாதி தெரு முட்டுச்சந்து, சரிவு வேற, திருப்ப இடமே இருக்காது.

அதுக்கு ஒரு ஏர்பிஎன்பி போட்டு நாலு நாள் தங்கிப் பாத்தா போதாதா?

நாலு நாள்ல வீட்டைப் பாத்துடலாம், லேக்கைப் பாக்க முடியாது. கூரை ஒழுகினா மாத்திக்கலாம், கிச்சன் பிடிக்கலேன்னா இடிச்சுக் கட்டிக்கலாம். ஆனா தண்ணி மட்டம் இறங்கறது, பாசி பிடிக்கறது, எதிர்க்கரைல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாட்டு போடறது, கரை யாருக்குச் சொந்தம்ங்கறது, இதுல எதையும் நாம மாத்த முடியாது. லேக் வீட்டுக்குக் குடுக்கற காசுல பெரும்பங்கு தண்ணிக்குத்தான் போகுது, அப்போ தேடலும் தண்ணிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு நான் நினைக்கறேன். ஆர்வி இருந்தா அந்தத் தண்ணி பக்கத்துலயே சமைச்சு சாப்பிட்டு, வேலை பாத்து, மழையில மாட்டிக்கிட்டு இருக்கலாம், வேற சீசன்ல திரும்ப வந்தும் பாக்கலாம்.

எங்க தங்கறது? லேக் பக்கத்துல ஆர்விக்கு இடம் கிடைக்குமா?

நிறைய பேருக்கு இது தெரியல, ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் (அமெரிக்க ராணுவத்தோட இன்ஜினியர் பிரிவு, சுருக்கமா கோர்) கட்டின அணை லேக்குகள்ல அவங்களே நடத்தற கேம்ப்கிரவுண்ட் நிறைய இருக்கு, அதுவும் தண்ணிக்கு ரொம்பக் கிட்ட. ஸ்டேட் பார்க்கும் அதே மாதிரிதான். கோர் இடங்களை ரெக்ரியேஷன் டாட் கவ்ங்கற அரசாங்க இணையதளத்துல புக் பண்ணலாம், பெரும்பாலும் 6 மாசம் முன்னாடியே திறந்துடுவாங்க, கோடை சனி ஞாயிறெல்லாம் உடனே போயிடும். ஆனா வீடு தேடறவங்களுக்கு ஞாயித்துக்கிழமைலேர்ந்து வியாழன் வரைக்கும் கிடைச்சாலே நிறைய வேலை ஆகும். பொதுவா ஒரே இடத்துல 14 நாளுக்கு மேல விடமாட்டாங்க, அதுக்குள்ள அக்கரைல இன்னொரு கேம்ப்கிரவுண்டுக்கு மாறிக்கோங்க, லேக்கோட மறுபக்கத்தையும் பாத்த மாதிரி ஆச்சு.

கூட அப்பா அம்மா இருந்து, அவங்களுக்கு 62 வயசு ஆகி சிட்டிசனோ கிரீன் கார்டோ இருந்தா சீனியர் பாஸ் (பெரியவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற சலுகை அட்டை) எடுத்துடுங்க. கோர் கேம்ப்கிரவுண்ட்ல பாதி வாடகைதான் ஆகும். வண்டிக்குக் கரண்ட் கனெக்‌ஷன் 30 ஆம்பா 50 ஆம்பான்னு பாத்து அதுக்கேத்த சைட் போடுங்க, ஏசி ஓடணும்ல.

எந்த லேக் நல்ல லேக்?

முதல்ல அது இயற்கையா உண்டானதா, ஆத்துல அணை கட்டித் தேக்கினதான்னு கேளுங்க. மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், மேய்ன் பக்கம் இயற்கை லேக் நிறைய. டெக்சாஸ், ஜார்ஜியா, டென்னசி, கரோலினாக்கள் பக்கம் நீங்க கேள்விப்படற பெரிய லேக் எல்லாம் கிட்டத்தட்ட அணைதான். அணைன்னா தண்ணியை ஏத்தறதும் இறக்கறதும் ஒருத்தர் கைல இருக்கு, அவர் வெள்ளத் தடுப்புக்காகவோ கரண்டுக்காகவோ குடிதண்ணிக்காகவோதான் அதைப் பண்ணுவார், உங்க போட்டுக்காக இல்ல.

ஆஸ்டின் பக்கத்துல லேக் டிராவிஸ் இருக்கு. நிறைஞ்ச மட்டம் கடல் மட்டத்துலேர்ந்து 681 அடி. 1951ல 614 அடி வரைக்கும் இறங்கியிருக்கு, 1991 டிசம்பர்ல 710 அடி வரைக்கும் ஏறியிருக்கு. கிட்டத்தட்ட 96 அடி வித்தியாசம்! அதே ஆத்துல (டெக்சாஸ்ல ஓடற கொலராடோ ஆறு) கொஞ்சம் மேல இருக்கற லேக் எல்பிஜே கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல நிக்கும். ரெண்டு லேக்குக்கும் காரில சீக்கிரம் போயிட்டு வந்துடலாம், ஆனா ரெண்டும் ரெண்டு விதமான வாழ்க்கை.

லிஸ்டிங்ல (வீடு விக்கற விளம்பரம்) ஃபுல் பூல், விண்டர் பூல்னு போட்டிருக்கே, அது என்ன?

ஃபுல் பூல்னா லேக் நிறைஞ்சிருக்கறப்போ இருக்க வேண்டிய மட்டம், விண்டர் பூல்னா குளிர்காலத்துல வேணும்னே இறக்கி வெக்கற மட்டம். டென்னசில டிவிஏ (டென்னசி வேலி அத்தாரிட்டிங்கற அரசாங்க அமைப்பு) நடத்தற டக்ளஸ், செரோக்கி, நாரிஸ் மாதிரி லேக்குகள்ல வசந்தகால மழைக்கு இடம் விடறதுக்காக இலையுதிர்காலத்துலேர்ந்தே தண்ணிய பல அடி இறக்கிடுவாங்க. ஜூலைல படம் எடுத்த வீட்டுக்கு ஜனவரில போனா வாசல்ல செம்மண் தரைதான் இருக்கும், போட் டாக் (படகு கட்டற மேடை) சேத்துல உக்காந்திருக்கும். அதனால படத்தைப் பாத்தா முதல்ல எந்த மாசம் எடுத்ததுன்னு கேளுங்க. தினசரி மட்டத்தை டிவிஏ இணையதளத்துலயே போடறாங்க, டெக்சாஸ் பக்கம் அந்த ஆத்து அணைகளைப் பாத்துக்கற எல்சிஆர்ஏ போடறாங்க.

நேர்ல போனா போட் டாக் தூணைப் பாருங்க. மரத்துல ஒரு கறுப்புப் பட்டை இருக்கும், அதுக்கு மேல வெளுத்திருக்கும். இன்னைக்குத் தண்ணி அந்தப் பட்டைக்கு எவ்வளவு கீழ நிக்குதுன்னு பாருங்க. பட்டைக்குக் கீழ சின்னச் சின்னதா வரி போட்ட சிப்பி ஒட்டிக்கிட்டிருந்தா அது ஜீப்ரா மஸ்ஸல், வெறுங்காலை வெச்சா கிழிச்சுடும், தண்ணி இழுக்கற குழாயையும் அடைச்சுடும். கரைலேர்ந்து டாக்குக்குப் போற பாலம் செங்குத்தா தொங்குதுன்னா தண்ணி நல்லா இறங்கியிருக்குன்னு அர்த்தம்.

வாட்டர்ஃப்ரண்ட், லேக் வியூ, லேக் ஆக்சஸ் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல, விலையே வேற வேற. வாட்டர்ஃப்ரண்ட்னா உங்க இடம் தண்ணி ஓரம் வரைக்கும் போகுது. லேக் வியூன்னா தெரியும், அவ்வளவுதான், நடுவுல இருக்கற மரமோ காலி மனையோ நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. லேக் ஆக்சஸ்னா தெருக்காரங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு பாதையோ சின்ன பீச்சோ. அந்த ஆக்சஸ் பத்திரத்துல எழுதியிருக்கான்னு பாக்கணும், சும்மா வாய்வார்த்தையா பல வருஷமா நடந்துட்டு வர்றது பத்தாது.

வாட்டர்ஃப்ரண்ட்னு போட்டிருந்தாலும் சர்வே வரைபடம் கேட்டு வாங்குங்க. நிறைய கோர் லேக்குல தண்ணிக்கும் உங்க வேலிக்கும் நடுவுல ஒரு பட்டை நிலம் அரசாங்கத்தோடது. அங்க ஒரு மரம் வெட்டணும்னாக்கூட அனுமதி வேணும்.

போட் டாக் வீட்டோடயே வருதுன்னு ஏஜென்ட் சொல்றார், நம்பலாமா?

டாக் வரலாம், அதை வெச்சுக்கற பெர்மிட் (அனுமதி) வருமாங்கறதுதான் கேள்வி. அட்லாண்டா பக்கத்து லேக் லேனியர் மாதிரி கோர் லேக்குல பெர்மிட் பழைய ஓனர் பேர்ல இருக்கும், வீடு கைமாறினா புது ஓனர் தன் பேர்ல விண்ணப்பிக்கணும், அப்போ அவங்க டாக்கை வந்து பாப்பாங்க, குறை இருந்தா சரி பண்ணச் சொல்வாங்க. டிவிஏ லேக்ல 26ஏ பெர்மிட்னு பேர். கரோலினால லேக் நார்மன், லேக் கியோவீ மாதிரி இடங்கள்ல டியூக் எனர்ஜிங்கற கரண்ட் கம்பெனி கைல இருக்கு. விக்கறவர் கிட்ட பெர்மிட் நகலை ஆஃபருக்கு (இந்த விலைக்கு வாங்கறேன்னு எழுதிக் குடுக்கறது) முன்னாடியே கேளுங்க, நம்பரைக் குறிச்சுக்கிட்டு சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கே ஃபோன் பண்ணுங்க. டாக் இல்லாத மனையா இருந்தா இன்னும் ஜாக்கிரதை, புதுசா டாக் போட அனுமதியே கிடைக்காத கரைகள் நிறைய இருக்கு.

ஏஜென்ட் வீடு காட்டறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போடுன்னு சொல்றார், நாங்கதான் ஊர் ஊரா போறோமே?

அவர் ஏமாத்தல. 2024 ஆகஸ்ட் 17லேர்ந்து வந்த விதி, எம்எல்எஸ்ல (விக்கற வீடுகளை ஏஜென்ட்டுங்க போடற பொதுப் பட்டியல்) இருக்கற ஏஜென்ட் வீடு சுத்திக் காட்டறதுக்கு முன்னாடி எழுத்துல ஒப்பந்தம் போட்டாகணும், அதுல அவருக்கு எவ்வளவு கமிஷன்னு தெளிவா இருக்கணும். ஆனா எவ்வளவு நாளைக்கு, எந்த ஏரியாவுக்குங்கறது பேசி முடிவு பண்றதுதான். ஆர்விக்காரங்க ஆறு மாசத்துக்கெல்லாம் போடாதீங்க, இந்த ஒரு வீட்டுக்கு மட்டும், இல்ல இந்த வாரத்துக்கு மட்டும்னு கேளுங்க, நிறைய பேர் ஒத்துப்பாங்க. ஏஜென்ட் லைசென்ஸ் மாநில அளவுலதான், ஸ்டேட் லைன் மேல உக்காந்திருக்கற லேக்னா ரெண்டு பக்கத்துக்கும் லைசென்ஸ் இருக்கான்னு கேட்டுக்கோங்க.

ஓப்பன் ஹவுஸுக்கு (யார் வேணும்னாலும் வந்து பாக்கலாம்னு வீட்டைத் திறந்து வெக்கற நேரம்) நீங்களே நேரா போனா இந்தக் கையெழுத்து தேவையில்ல.

அங்கேயே தங்கியிருக்கோம், சரி, என்னதான் பாக்கணும்?

சனிக்கிழமை மத்தியானம் எல்லா லேக்கும் அழகு. ஜூலை 4, மெமோரியல் டே, லேபர் டே மாதிரி பெரிய லீவு வாரக்கடைசில ஒரு தடவையாவது அங்க இருங்க, போட் கூட்டமும் அலையும் சத்தமும் எப்படின்னு தெரிஞ்சுடும். புதன்கிழமை காலைல ஆறு மணிக்கு எழுந்து கரைக்குப் போங்க. ராத்திரி வெளிச்சத்தைப் பாருங்க. பெருமழைக்கு மறுநாள் பாருங்க, எந்த ஓடைலேர்ந்து சேறு வருது, யார் வீட்டு முற்றத்துல தண்ணி நிக்குதுன்னு.

ஆகஸ்ட் கடைசில காத்தில்லாத வெயில் நாள்ல போய்ப் பாருங்க. ஒரு சில லேக்ல கரையோரமா பச்சை பெயின்ட்டைக் கொட்டின மாதிரி படலம் மிதக்கும், அது நீலப்பச்சைப் பாசி, விஷமாகவும் இருக்கலாம், நாயையும் குழந்தைங்களையும் கிட்டயே விடக்கூடாது. வயல்லேர்ந்தும் புல்தரைலேர்ந்தும் செப்டிக் டேங்க்லேர்ந்தும் வர்ற பாஸ்பரஸ்தான் அதுக்குத் தீனி. மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், மேய்ன்ல பல வருஷமா தன்னார்வலர்கள் ஒரு வட்டத் தட்டைத் தண்ணிக்குள்ள இறக்கி எத்தனை அடி வரைக்கும் தெரியுதுன்னு அளந்து வெச்சிருக்காங்க, செக்கி டிஸ்க்னு பேர், உங்க லேக்கோட கணக்கை மாநில இணையதளத்துல தேடினா கிடைக்கும். வருஷா வருஷம் அந்த எண் குறைஞ்சுக்கிட்டே வந்தா எனக்கு அந்த லேக் வேண்டாம்.

வேலைக்கு இன்டர்நெட் வேணும்னா, கேம்ப்கிரவுண்ட்ல சிக்னல் வருதுன்னு விட்டுடாதீங்க, அந்த வீட்டு டிரைவ்வேல நின்னு ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்க.

செப்டிக், கிணத்துத் தண்ணி இதெல்லாம் பயப்படற விஷயமா?

ஆர்வில கறுப்பு டேங்கை (கக்கூஸ் கழிவு சேர்ற டேங்க்) நீங்களே காலி பண்ணியிருப்பீங்க, அதனால இந்தப் பேச்சுக்கு முகம் சுளிக்க மாட்டீங்கன்னு நம்பறேன். லேக் ஓரத்துல நிறைய இடத்துல முனிசிபல் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக்தான். பொது இன்ஸ்பெக்டர் ஃப்ளஷ் பண்ணிப் பாத்துட்டுப் போயிடுவார், அது பத்தாது, செப்டிக்குன்னே இருக்கறவரைக் கூப்பிட்டு டேங்கைத் திறந்து காலி பண்ணிப் பாக்கச் சொல்லுங்க. நீங்களும் முற்றத்துல நடந்து பாருங்க, வெயில்ல எல்லாப் புல்லும் காஞ்சிருக்கறப்போ ஒரு இடம் மட்டும் பச்சைப்பசேல்னு இருந்து, கால் வெச்சா பொதபொதன்னு அமுங்கினா கழிவுத் தண்ணி மேல வருதுன்னு அர்த்தம். பெர்மிட்ல எத்தனை பெட்ரூமுக்கு செப்டிக்னு பாருங்க, லிஸ்டிங்ல நாலு பெட்ரூம்னு போட்டிருப்பாங்க, கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பதிவு ரெண்டுக்குத்தான் இருக்கும்.

கிணறுன்னா பாக்டீரியா, நைட்ரேட், ஆர்செனிக் மூணும் லேப்ல டெஸ்ட் பண்ணணும். பாக்டீரியா சாம்பிளை எடுத்த அன்னைக்கே லேப்ல குடுத்துடுங்க. தனியார் கிணத்தை வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பண்ணச் சொல்லித்தான் இபிஏவே (அரசாங்கத்தோட சுற்றுச்சூழல் அமைப்பு) சொல்லுது.

வெள்ளம் வந்தா ஹோம் இன்சூரன்ஸ் குடுக்காதா?

குடுக்காது, வெள்ளத்துக்குத் தனியா எடுக்கணும். ஃபீமா (அரசாங்கத்தோட பேரிடர் அமைப்பு) வெள்ள வரைபடத்துல அந்த முகவரியைப் போட்டுப் பாருங்க, ஏ, ஏஇ மாதிரி வெள்ள ஆபத்து அதிகமான மண்டலத்துல வந்தா சாதாரண பேங்க் லோனுக்கு வெள்ள இன்சூரன்ஸ் கட்டாயம். அரசாங்கத்தோட வெள்ள இன்சூரன்ஸ் திட்டமான என்எஃப்ஐபி பாலிசில வீட்டுக்கு அதிகபட்சம் 250,000 டாலர், உள்ள இருக்கற சாமானுக்கு 100,000 டாலர்தான், வீடு அதுக்கு மேல மதிப்புன்னா தனியார் பாலிசியும் பாக்கணும். எடுத்த நாள்லேர்ந்து 30 நாள் கழிச்சுத்தான் அமலுக்கு வரும், புது லோனோட சேத்து எடுத்தா மட்டும் அந்தக் காத்திருப்பு இல்ல. இதையெல்லாம் ஆஃபர் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, மாசத் தவணைக்கு மேல எவ்வளவு ஏறும்னு தெரியாம விலை பேசாதீங்க.

லேக்கே இல்லாம போயிடுமா? சும்மா பயமுறுத்தறாங்களா?

போயிருக்கு. மிச்சிகன்ல 2020 மே 19 அன்னைக்கு ஈடன்வில் அணை உடைஞ்சு விக்ஸம் லேக் ஒரே நாள்ல வடிஞ்சுடுச்சு, கீழ இருந்த சான்ஃபோர்ட் லேக்கும் போச்சு. டெக்சாஸ்ல லேக் டன்லப்ல 2019 மே மாசம் பழைய மதகு ஒண்ணு பிச்சுக்கிட்டு லேக் வடிஞ்சுது. அங்க கரைல இருந்தவங்களே தங்கள் மேல வரி போட்டுக்க ஓட்டுப் போட்டு மதகைத் திரும்பக் கட்டினாங்க, 2023லதான் தண்ணி நிரம்பிச்சு. மிச்சிகன்லயும் அணையைச் சரி பண்ற செலவுல ஒரு பங்கு கரையோர சொத்துக்காரங்க தலைல ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டா (அந்த வேலைக்காகவே போடற தனிக் கட்டணம்) விழுந்தது.

அதனால அணை யாரோடதுன்னு கண்டுபிடிங்க. கோர், டிவிஏ மாதிரி பெரிய அமைப்பா, தனியார் கம்பெனியா, இல்ல ஹெச்ஓஏவோட (அந்தக் குடியிருப்பு வீட்டுக்காரங்க சங்கம்) சொந்த அணையா? கோர் பராமரிக்கற தேசிய அணைப் பட்டியல்ல தேடினா பெரும்பாலும் கிடைக்கும். அதுல ஹை ஹசார்ட்னு இருந்தா அணை மோசமா இருக்குன்னு அர்த்தமில்ல, உடைஞ்சா கீழ உயிர்ச்சேதம் ஆகும்னு அர்த்தம், அணையோட நிலைமைக்குத் தனி வரி இருக்கும், அதைப் படிங்க. ஹெச்ஓஏ அணைன்னா அவங்க ரிசர்வ் கணக்குல எவ்வளவு பணம் இருக்குன்னு கேக்காம கையெழுத்துப் போடவே போடாதீங்க.

அணையே வேண்டாம், மிச்சிகன் லேக் கரையிலயே பாத்துடலாமா?

பாக்கலாம், கடல் மாதிரி அழகு, ஆனா மட்டம் அங்கயும் ஆடுது. மிச்சிகன் லேக்கும் பக்கத்து ஹ்யூரன் லேக்கும் ஒரே மட்டம்தான், 2013 ஜனவரில வரலாறு காணாத அளவு இறங்கி, 2020ல பல மாசம் அந்தந்த மாசத்து உச்சத்தையே தாண்டுச்சு. அப்போ மேட்டு விளிம்புல இருந்த வீடுகள் கீழ சரிய ஆரம்பிச்சுது. விளிம்புலேர்ந்து வீடு எத்தனை அடி, பத்து வருஷம் முன்னாடி எத்தனை அடின்னு பழைய வான்படத்தை வெச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, பீச் முழுக்க உங்களோடதுன்னு நினைக்காதீங்க. 2005ல மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சாதாரண உயர்நீர் கோட்டுக்கு (தண்ணி வழக்கமா ஏறி கரைல அடையாளம் விடற கோடு) கீழ பொதுமக்கள் நடந்து போகலாம்னு தீர்ப்பு குடுத்திருக்கு.

இப்ப இருக்கற ஓனர் கட்டற ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கம்மியா இருக்கே, நமக்கும் அதேதானே?

மிச்சிகன்ல நிச்சயமா இல்ல. வரி விதிக்கற மதிப்பு வருஷத்துக்கு 5 சதவீதமோ பணவீக்கமோ எது கம்மியோ அதுக்கு மேல ஏறாது, ஆனா வீடு கைமாறினா அந்த மூடி திறந்துடும், ரொம்ப வருஷமா இருந்தவர் கிட்ட வாங்கினா வரி எகிறிடும். அதுலயும் அது உங்க முதன்மை வீடா இல்லேன்னா பள்ளிக்கூட வரி வேற 18 மில் (வரி விதிக்கற மதிப்புல 1,000 டாலருக்கு 18 டாலர்) வரைக்கும் சேரும். எந்த மாநிலமா இருந்தாலும் கவுண்டில சொத்து மதிப்பு போடற அசெஸர் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணி இந்த விலைக்கு வாங்கினா அடுத்த வருஷம் எவ்வளவு வரும்னு கேளுங்க, பொறுமையா சொல்வாங்க.

மனை மட்டும் வாங்கி ஆர்வியவே நிறுத்தி அதுல இருந்துக்கலாமா?

நிறைய கவுண்டில முடியாது, முடிஞ்சாலும் வருஷத்துல இத்தனை நாள்னு கணக்கு இருக்கும். ஹெச்ஓஏ இருந்தா நிறுத்தி வெக்கவே விடாத இடமும் உண்டு. வீடு கட்டப் போறீங்கன்னா தண்ணிலேர்ந்து எத்தனை அடி தள்ளிக் கட்டணும்னு பாருங்க, விஸ்கான்சின்ல பொதுவா 75 அடி, மேய்ன்ல பெரிய ஏரிகளுக்கு 100 அடி. பழைய வீடு அதைவிடக் கிட்ட இருக்கும், அதை வெச்சு நாமளும் அங்க கட்டிக்கலாம்னு நம்பிடாதீங்க.

குளிர்காலத்துல அங்க இருக்க முடியுமா? அப்பா அம்மா வேற வருவாங்க.

வடக்குப் பக்கம் சீசனல் ரோடுன்னு போர்டு இருந்தா பனி தள்ள வண்டி வராது, அந்தத் தெருவுல வருஷம் முழுக்க இருக்கறது கஷ்டம். உறைஞ்ச லேக்ல பனிக்கட்டி கரையைத் தள்ளி போட் டாக்கையும் சுவரையும் பெயர்த்துடும், அதனாலதான் அங்க டாக்கை இலையுதிர்காலத்துல கழட்டி வெக்கறாங்க, அந்தச் செலவு வருஷா வருஷம் உண்டு. ஆர்விய எடுத்துட்டு ஜனவரில போக முடியலேன்னா, தண்ணி லைன்ல குழாய் உறைஞ்சு வெடிக்காம இருக்க பிங்க் ஆன்டிஃப்ரீஸ் ஊத்தி வண்டியை மூடிட்டு, கார்ல போய் ஒரு மோட்டல்ல ரெண்டு ராத்திரி தங்கியாவது பாருங்க.

பெரியவங்க வருவாங்கன்னா படியை எண்ணுங்க. லேக் மனை நிறைய சரிவுதான், ரோட்லேர்ந்து வீட்டுக்கு ஒரு இறக்கம், வீட்லேர்ந்து தண்ணிக்கு இன்னொரு இறக்கம். முட்டிவலி இருக்கற அம்மாவுக்கு லேக்கை ஜன்னல் வழியாத்தான் பாக்கக் கிடைக்கும்னா அது என்ன லேக் வீடு. பக்கத்து எமர்ஜென்சி ஆஸ்பத்திரிக்கு ராத்திரில எவ்வளவு நேரம்னு ஒரு தடவை ஓட்டியே பாருங்க.

எங்களுக்கு நிலையான முகவரியே இல்ல, லோன் குடுப்பாங்களா?

குடுப்பாங்க, ஆனா பேப்பர் வேலை ஜாஸ்தி. லோன் விண்ணப்பத்துல 2 வருஷ முகவரியும் 2 வருஷ வேலை விவரமும் கேப்பாங்க. மெயில் வர்ற முகவரி, லைசென்ஸ், வரித் தாக்கல், வண்டி இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் ஒரே மாநிலம் இருக்கட்டும். ரிமோட்ல வேலைன்னா எங்கேர்ந்து வேணும்னாலும் பண்ணலாம்னு கம்பெனி கிட்டேர்ந்து ஒரு கடிதம் வாங்கி வெச்சுக்கோங்க. முதன்மை வீடுன்னு சொல்லி லோன் வாங்கினா பொதுவா 60 நாளுக்குள்ள குடி போகணும், ஒரு வருஷமாவது இருக்கணும். கோடைக்கு மட்டும்தான்னா செகண்ட் ஹோம்னே உண்மையைச் சொல்லிடுங்க, முன்பணமும் வட்டியும் கொஞ்சம் கூடும், ஆனா பொய் சொன்னா அது மோசடி.

க்ளோசிங் (பணம் கட்டி வீட்டைப் பேருக்கு மாத்தற நாள்) அன்னைக்கு நாங்க வேற மாநிலத்துல இருந்தா?

பல மாநிலத்துல ஆன்லைன் நோட்டரி செல்லும், இல்லேன்னா நடமாடும் நோட்டரிய கேம்ப்கிரவுண்டுக்கே வரச் சொல்லலாம், எதுவா இருந்தாலும் பேங்க்கும் டைட்டில் கம்பெனியும் (பத்திரத்தைச் சரி பாத்து க்ளோசிங்கை நடத்தறவங்க) ஒத்துக்கணும், முன்கூட்டியே கேளுங்க. லோன் எடுத்தா க்ளோசிங் டிஸ்க்ளோஷர் (லோனோட கடைசிச் செலவுக் கணக்கு) 3 வேலை நாள் முன்னாடியே கைக்கு வந்தாகணும், அந்த நாள்கள்ல சிக்னல் இருக்கற இடமா பாத்து வண்டிய நிறுத்துங்க. பணம் அனுப்பற விவரம் ஈமெயில்ல வந்தா அப்படியே அனுப்பிடாதீங்க, கடைசி நேரத்துல அக்கவுண்ட் நம்பர் மாறிடுச்சுன்னு பொய் மெயில் அனுப்பறவங்க நிறைய. நீங்க முன்னாடியே குறிச்சு வெச்ச நம்பருக்கு ஃபோன் பண்ணி, ஆளோட பேசி, ஒவ்வொரு இலக்கமா சரி பாத்துட்டு அப்புறம் அனுப்புங்க.